தெளிந்த தண்ணீரில் கெலி மீன்கள் சாவது ஏன்?

கடிதத்தின் சுருக்கம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள ஒரு தோட்டப்பட்டணத்திலிருந்து 58 வயதான வாசகர் ஒருவர் விரிவான கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டும் விவரங்களைத் தவிர்த்து அதன் சாரத்தைத் தருகிறேன். தோட்டத்து ரப்பர் பால் ஸ்டோரில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவர், சேமநிதியிலிருந்து எடுத்த பணத்தில் ஒரு பகுதியைப் போட்டு வீட்டுக்குப் பின்னால் கன்வாஸ் தொட்டி அமைத்து, கெலி என்ற கெளுத்தி வகை மீன் வளர்க்கிறார். தொட்டியின் குறுக்களவு 10 அடி, தண்ணீரின் ஆழம் ஒரு மீட்டர், மீன்கள் ஏறக்குறைய 600, ஒவ்வொன்றும் சுமார் 100 கிராம். 32 விழுக்காடு புரதமுள்ள பெல்லட் தீனியை நாளுக்கு 1.8 கிலோ என்ற கணக்கில் மூன்று வேளை போட்டு வந்தார். காற்றுப் பம்பு ஒன்றும், வலையும் பஞ்சும் அடைத்த நீலப் பீப்பாய் வடிகட்டி ஒன்றும் இருக்கின்றன. தண்ணீர் குழாய்த் தண்ணீர்.

தீபாவளிக்கு முன் வீட்டைச் சுத்தம் செய்தபோது, மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டு, கன்வாஸையும் வடிகட்டியையும் குளோரின் கலந்த தண்ணீரில் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் நிரப்பியிருக்கிறார். 18 நாட்களுக்குப் பிறகு மீன்கள் சோர்ந்து மேலே மிதக்கத் தொடங்கின. ஒரு வாரத்தில் 37 மீன்கள் செத்தன. செத்த மீன்களின் செவுள் காப்பி நிறத்தில் இருந்ததைக் கவனித்து எழுதியிருக்கிறார். மகள் வாங்கித் தந்த சோதனைப் பெட்டி, மொத்த அமோனியா லிட்டருக்கு 4 மில்லிகிராம், நைட்ரைட் 5 மில்லிகிராம், பி.எச். (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) 6.8 என்று காட்டியது. "தண்ணீர் புளித்துவிட்டது" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டு, மதியம் அரை கிலோ நீற்றுச் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றினார். அன்று மாலைக்குள் மேலும் 60 மீன்கள் செத்துவிட்டன.

அவருடைய கேள்விகள் இவை. பால் ஸ்டோரில் ரப்பர் பாலுக்குச் சேர்க்கும் அமோனியாவோடு வாழ்ந்த தமக்கு அதன் நெடி தெரியாமல் போகுமா, சோதனைப் பெட்டி பழுதா? வேலிக்கு அப்பாலுள்ள செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் அதே வாரம் உரம் போட்டார்கள். தோட்ட நிர்வாகத்தின் மேல் புகார் கொடுக்கலாமா? கோழிப்பண்ணையில் வேலை செய்யும் நண்பர் சொல்வதுபோல் ஆன்டிபயாட்டிக் மாவு கலக்கலாமா, தீனிச் செலவைக் குறைக்கக் கோழிக்குடல் போடலாமா? திட்டமிட்டபடி இன்னும் இரண்டு தொட்டி வைக்கலாமா?

பதில்

வணக்கம் ஐயா. செவுளின் நிறம், சோதனை அளவுகள், சுண்ணாம்பு போட்ட நேரம், மீன்கள் செத்த நேரம் என்று எல்லாவற்றையும் குறித்து அனுப்பியதற்கு முதலில் நன்றி சொல்கிறேன். மீன் மருத்துவத்தில் பாதி வேலை அந்தக் குறிப்புகளிலேயே முடிந்துவிடுகிறது. உங்கள் மீன்களுக்குத் தொற்றுநோய் வந்ததாக நான் நினைக்கவில்லை. சோதனைப் பெட்டியும் பழுதில்லை. உங்கள் தொட்டியில் இருக்கும் அமோனியா தீனி மூட்டையிலிருந்து வந்து, மீனின் உடலைக் கடந்து, செவுள் வழியாகத் தண்ணீரில் சேர்ந்தது. இந்தப் பாதை புரிந்துவிட்டால் உங்கள் மற்றக் கேள்விகளுக்கு விடை காண்பது எளிதாகும் என்பதால், அதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

நெடி ஏன் அடிக்கவில்லை

பால் ஸ்டோரில் கெடாமல் வைப்பதற்காக அமோனியா சேர்த்த செறிவூட்டிய ரப்பர் பாலில் அதன் அளவு 0.7 விழுக்காடு வரை இருக்கும், அதாவது ஒரு கிலோவில் 7,000 மில்லிகிராம். உங்கள் தொட்டியிலோ லிட்டருக்கு 4 மில்லிகிராம்தான் இருந்தது. அதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. அமோனியா தண்ணீரில் இரண்டு வடிவங்களில் இருக்கிறது. ஒன்று, மூக்கைத் துளைக்கும் வாயு கரைந்த வடிவம். மற்றது, ஒரு ஹைட்ரஜன் அயனியைச் சேர்த்துக்கொண்டு மின்னேற்றம் பெற்ற அமோனியம். இதற்கு நெடி இல்லை. எது எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் தண்ணீரின் பி.எச். அளவு தீர்மானிக்கிறது. அமோனியா சேர்த்த பால் நல்ல காரமானது என்பதால் அங்கே வாயு வடிவம் மிகுந்து நெடி அடிக்கும். பி.எச். 6.8 உள்ள உங்கள் தண்ணீரில் 99 விழுக்காட்டுக்கு மேல் நெடியற்ற அமோனியமாகவே இருந்திருக்கும். ஆகவே உங்கள் மூக்கின் மேல் குறையில்லை. இந்த அளவை மூக்கால் அறியவே முடியாது. கண்ணாலும் முடியாது. அமோனியா, நைட்ரைட் இரண்டுக்கும் நிறம் கிடையாது. அடியில் சேர்ந்த கழிவை நாள்தோறும் உறிஞ்சி எடுக்கிறீர்கள், நல்ல பழக்கம். ஆனால் கரைந்திருக்கும் அமோனியாவின் பெரும்பகுதி அந்தக் கழிவிலிருந்து வந்ததே அல்ல.

தீனியிலிருந்து செவுள் வரை

புரதத்தின் எடையில் ஏறக்குறைய 16 விழுக்காடு நைட்ரஜன். நாளுக்கு 1.8 கிலோ தீனி என்றால் அதில் 576 கிராம் புரதம், அந்தப் புரதத்தில் சுமார் 92 கிராம் நைட்ரஜன். இந்தப் புரதம் குடலில் அமினோ அமிலங்களாகச் சிதைந்து இரத்தத்தில் சேர்கிறது. ஒரு பகுதி சதையாகிறது. உங்கள் வருமானம் அதுதான். கொழுப்பைச் சேமித்து வைப்பதுபோல் அமினோ அமிலங்களைச் சேமித்து வைக்கும் வசதி மீனின் உடலில் இல்லை. ஆகவே எஞ்சியவற்றை அது எரிபொருளாக எரித்துவிடுகிறது. எரிப்பதற்கு முன் அவற்றிலுள்ள நைட்ரஜன் பகுதியைக் கழற்றியாக வேண்டும். அந்த வேலை பெரும்பாலும் கல்லீரலில் நடக்கிறது. கழற்றப்பட்ட நைட்ரஜன் அங்கே அமோனியா ஆகிறது.

நம் உடலும் இதைத்தான் செய்கிறது. ஆனால் நாம் அந்த அமோனியாவை, சக்தியைச் செலவழித்து, நஞ்சு குறைந்த யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் கழிக்கிறோம். சுற்றிலும் தண்ணீர் சூழ வாழும் பெரும்பாலான எலும்பு மீன்களுக்கு அந்தச் செலவு தேவைப்படவில்லை. இரத்தம் செவுளுக்கு வரும்போது, இரத்தத்தில் அமோனியா அதிகம், வெளித்தண்ணீரில் குறைவு என்ற வேறுபாட்டைக் கொண்டே அது வெளியேறிவிடுகிறது. செவுள் செல்களின் சவ்விலுள்ள சில புரதங்கள் இதற்கு வழிவிடுகின்றன. செவுளை ஒட்டிய மெல்லிய நீர்ப்படலத்தை மீன் சற்று அமிலமாக வைத்திருக்கிறது. வெளியே வந்த அமோனியா அங்கே உடனே அமோனியமாக மாறித் திரும்ப உள்ளே நுழைய முடியாமல் போகிறது. எலும்பு மீன்களில் கழிவு நைட்ரஜனின் பெரும்பகுதி இப்படிச் செவுள் வழியாகத்தான் போகிறது. சிறுநீரிலும் மலத்திலும் போவது சிறு பங்குதான்.

கெலியைப் பற்றி நம் ஊர்களில் ஒரு நம்பிக்கை உண்டு. அது எந்தச் சாக்கடையிலும் வாழும், காற்றையே சுவாசிக்கும் என்பார்கள். கெலிக்குச் செவுளுக்கு மேல் கிளை கிளையாகப் பிரிந்த தனி உறுப்பு உண்டு, மேலே வந்து விழுங்கும் காற்றிலிருந்து அதன் மூலம் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது என்பது உண்மை. அதனால்தான் ஆக்சிஜன் குறைந்த தண்ணீரில் மற்ற மீன்களுக்கு முன்பே கெலி சாவதில்லை. ஆனால் அமோனியாவைக் கழிப்பதற்கு அது காற்றை நம்ப முடியாது. தண்ணீரும் செவுளும்தான் வேண்டும். மற்ற மீன்களைவிட அமோனியாவைத் தாங்கும் ஆற்றல் கெலிக்கு அதிகம் என்பதும் உண்மை. தாங்குவது வேறு, நலமாக இருப்பது வேறு. தாங்கும் நாட்களில் அது தின்பதைக் குறைக்கிறது, வளர்ச்சியைக் குறைக்கிறது, நோய்க்கு இடம் கொடுக்கிறது. காற்றை விழுங்கும் மீனே சாகிறது என்றால், ஆக்சிஜன் குறைவைத் தேடுவதற்கு முன் நைட்ரஜன் கணக்கைப் பார்க்க வேண்டும்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். தீனியிலுள்ள 92 கிராம் நைட்ரஜனில் பாதிக்குச் சற்று அதிகமாக, சுமார் 53 கிராம், அமோனியாவாகத் தண்ணீரில் சேரும் என்பது மீன் வளர்ப்பில் பயன்படும் பொதுக் கணக்கு. உங்கள் தொட்டியில் ஏறக்குறைய 7,000 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. அப்படியானால் நாளுக்கு லிட்டருக்கு 7.5 மில்லிகிராம் அமோனியா நைட்ரஜன் சேர்கிறது. வடிகட்டி இல்லாமல், முழுத் தீனியும் போட்டுக்கொண்டு, நாள்தோறும் 30 விழுக்காடு தண்ணீரை மாற்றினாலும், மாற்றி முடித்த நேரத்தில்கூட அளவு 17.5 மில்லிகிராமுக்கு ஏறி அங்கேயே நிற்கும். தண்ணீர் மாற்றுவதால் மட்டும் இந்தத் தொட்டி பிழைக்காது. அதைப் பிழைக்க வைத்தது உங்கள் நீலப் பீப்பாய்.

தீபாவளிச் சுத்தத்தில் என்ன போயிற்று

பீப்பாயிலிருந்த வலையிலும் பஞ்சிலும் வழவழப்பாக ஒட்டியிருந்த பழுப்புப் படலத்தை அழுக்கு என்று நினைத்துத் தேய்த்திருக்கிறீர்கள். அப்படித்தான் எல்லோரும் நினைப்பார்கள். அது உயிருள்ள பாக்டீரியாப் படலம். ஒருவகை பாக்டீரியா அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். ரஷ்ய அறிவியலாளர் செர்கேய் வினோகிராட்ஸ்கி 1890ஆம் ஆண்டு வாக்கிலேயே இவற்றைப் பிரித்தெடுத்துக் காட்டிவிட்டார். நைட்ரேட் மீனுக்கு அவ்வளவு கெடுதல் செய்யாது. ஆனால் இந்த பாக்டீரியாக்கள் மெதுவாகப் பெருகுபவை. நம் ஊர் வெப்பத்திலும் ஒரு புதிய வடிகட்டி முழுமையாகப் பழக மூன்று முதல் ஆறு வாரம் ஆகலாம். அதிலும் அமோனியாவைத் தின்பவை முதலில் தலையெடுக்கும், நைட்ரைட்டைத் தின்பவை பின்தங்கி வரும். இந்த இடைவெளியில் நைட்ரைட் குவியும். கழுவிய பதினெட்டாம் நாள் மீன்கள் சோர்ந்ததும், அமோனியா 4, நைட்ரைட் 5 என்ற அளவுகளும் இந்தக் கால அட்டவணையோடு அப்படியே பொருந்துகின்றன.

காப்பி நிறச் செவுள் நைட்ரைட்டின் கையெழுத்து. நன்னீர் மீன்கள் உடலுக்குத் தேவையான குளோரைடைச் செவுள் வழியாகத் தண்ணீரிலிருந்து இழுத்துக்கொள்கின்றன. நைட்ரைட் அதே வாசல் வழியாக நுழைந்துவிடுகிறது. இரத்தத்தில் அது ஹீமோகுளோபினில் உள்ள இரும்பை மாற்றி, ஆக்சிஜனைச் சுமக்க முடியாத பழுப்பு நிற மெத்தீமோகுளோபின் ஆக்கிவிடுகிறது. மீன் மேலே வந்து எவ்வளவு காற்றை விழுங்கினாலும் அதைச் சுமந்து செல்ல இரத்தம் இல்லை. இரண்டாவது காற்றுப் பம்பு வாங்கிப் போட்டும் பயனில்லை என்று எழுதியிருந்தீர்கள், காரணம் இதுதான். ஆனாலும் அந்தப் பம்பை எடுத்துவிடாதீர்கள். ஒரு கிராம் அமோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்ற பாக்டீரியாக்களுக்கு நான்கரை கிராமுக்கு மேல் ஆக்சிஜன் தேவைப்படுகிறது.

சுண்ணாம்பு ஏன் கொன்றது

உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதில் பாதி சரி. அமோனியாவை மாற்றும் வேலையில் அமிலம் உண்டாகிறது. தண்ணீரின் காரத்தன்மை நாளுக்கு நாள் கரைந்து பி.எச். இறங்குகிறது. அதைச் சரிசெய்ய வேண்டியதும் உண்மை. ஆனால் நீற்றுச் சுண்ணாம்பு பி.எச். அளவைச் சில நிமிடங்களில் தூக்கிவிடும். 28 பாகை வெப்பத்தில் பி.எச். 6.8 இருக்கும்போது மொத்த அமோனியாவில் அரை விழுக்காட்டுக்கும் குறைவாகவே வாயு வடிவில் இருக்கும். பி.எச். 8 என்றால் அது ஆறரை விழுக்காடு, 9 என்றால் சுமார் 41 விழுக்காடு. அன்று மதியம் உங்கள் தொட்டி 9ஐத் தொட்டிருந்தால், அதே 4 மில்லிகிராம் அமோனியாவில் நஞ்சான பகுதி 0.02க்கும் கீழிருந்து 1.6 மில்லிகிராமுக்குத் தாவியிருக்கும். 0.05 மில்லிகிராமைத் தாண்டினாலே பல மீன்களின் செவுள் பாதிக்கப்படத் தொடங்கும் என்பதைப் பார்த்தால் இதன் கடுமை விளங்கும். வாயு வடிவம் செவுள் வழியாக எளிதில் உள்ளே நுழையும். உடலில் உண்டாகும் அமோனியாவும் வெளியேற முடியாமல் தேங்கி மூளையைத் தாக்கும். செத்துக்கொண்டிருந்த மீன்கள் சுழன்று சுழன்று துள்ளின என்று நீங்கள் எழுதியது அதைத்தான் காட்டுகிறது.

கென்யாவில் மகாடி என்றொரு சோடா ஏரி இருக்கிறது. அதன் பி.எச். 10 அளவில் இருக்கும். அங்கே வாழும் சிறிய திலாப்பியா இனம் அமோனியாவைச் செவுள் வழியாகக் கழிக்க வழியில்லாததால், நைட்ரஜன் கழிவை யூரியாவாக மாற்றியே வாழ்கிறது. மீன்களில் இது மிக அரிது. உங்கள் கெலிகள் அப்படிப் பிழைக்க வகையில்லை.

தோட்டத்து ஆள் என்பதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். செம்பனைக்கு இடும் ஜி.எம்.எல். என்ற சுண்ணாம்புக்கல் தூளும் நீற்றுச் சுண்ணாம்பும் ஒன்றல்ல. கல் தூள் மெதுவாகக் கரையும், பி.எச். அளவை அப்படித் தூக்காது. ஆனால் அமோனியா இருக்கும் தொட்டியில் எதையும் அவசரப்பட்டு ஊற்ற வேண்டாம்.

இன்றிலிருந்து செய்ய வேண்டியவை

முதலில் இரண்டு நாட்களுக்குத் தீனியை அடியோடு நிறுத்துங்கள். பட்டினி போடுகிறோமே என்று உங்கள் மனைவி கவலைப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள். நூறு கிராம் கெலி இரண்டு நாள் பசியை எளிதில் தாங்கும். தீனி நின்றால் அமோனியா உற்பத்தி வெகுவாகக் குறையும். இதற்கு ஈடான மருந்து கிடையாது. மிகச் சிறிய மீன்கள் இருந்தால் மட்டும் பிரித்து வையுங்கள், பசித்த கெலி தன் இனத்தையே கடிக்கும்.

அடுத்து, 1.2 கிலோ கல்லுப்பைத் தண்ணீரில் கரைத்து, தொட்டியைச் சுற்றிப் பரவலாக ஊற்றுங்கள். உப்பின் எடையில் 60 விழுக்காடு குளோரைடு. இந்த அளவு லிட்டருக்கு 100 மில்லிகிராம் குளோரைடைத் தரும். அது உங்கள் நைட்ரைட்டைப் போல் இருபது மடங்கு. செவுளின் வாசலில் குளோரைடு நெருக்கியடித்து நிற்கும்போது நைட்ரைட்டுக்கு நுழைய இடம் கிடைக்காது. பிழைத்திருக்கும் மீன்களின் இரத்தம் ஓரிரு நாட்களில் தேறத் தொடங்கும். பிறகு தண்ணீர் மாற்றும்போதெல்லாம் போன உப்பை அதே விகிதத்தில் சேருங்கள். கடைக்காரர் கொடுத்த சியோலைட் கல்லை இப்போது போடாதீர்கள். நன்னீரில் அது அமோனியத்தைப் பிடித்துக்கொள்ளும்தான், ஆனால் உப்பு சேர்ந்தால் பிடித்ததைத் திரும்ப விட்டுவிடும்.

நாள்தோறும் கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரைக் குளோரின் நீக்கி கலந்த பிறகே விடுங்கள். இல்லையென்றால் புதிதாக முளைக்கும் பாக்டீரியாவையும் நாமே கொன்றுவிடுவோம். வடிகட்டியைத் தொட வேண்டாம். அது அடைத்துக்கொண்டால், தொட்டியிலிருந்தே எடுத்த தண்ணீரில் பாதிப் பஞ்சை மட்டும் அலசிப் போடுங்கள். தெரிந்த மீன் வளர்ப்பாளர் யாரிடமாவது நோயில்லாத, நன்றாகப் பழகிய வடிகட்டிப் பஞ்சு கொஞ்சம் கிடைத்தால் உங்கள் பீப்பாயில் சேருங்கள். வாரக்கணக்கில் காத்திருப்பது குறையும்.

மூன்றாம் நாள் அரை கிலோ தீனியில் தொடங்கலாம். தின்ற நாலு முதல் ஆறு மணி நேரத்தில் அமோனியா வெளியேற்றம் உச்சத்தில் இருக்கும் என்பதால், காலைத் தீனிக்குப் பிறகு அந்த நேரத்தில் சோதியுங்கள். விடியற்காலை சோதனை உங்களுக்குப் பொய்யான நிம்மதியைத் தரும். அமோனியா, நைட்ரைட் இரண்டும் தொடர்ந்து மூன்று நாட்களுக்கு அரை மில்லிகிராமைத் தாண்டாவிட்டால் தீனியைக் கால் கிலோ கூட்டுங்கள், தாண்டினால் குறையுங்கள். மொத்த அமோனியா ஒரு மில்லிகிராமுக்குக் கீழ் வந்த பிறகு, பி.எச். 7க்குக் கீழே இருந்தால், 300 கிராம் சமையல் சோடாவைக் கரைத்து மாலையில் ஊற்றுங்கள். அது பி.எச். அளவைச் சுண்ணாம்பு போல் 9க்கு மேல் தள்ளாது. தேவைப்பட்டால் இரண்டு நாள் கழித்து மீண்டும் சேர்க்கலாம்.

ஆன்டிபயாட்டிக், கோழிக்குடல்

ஆன்டிபயாட்டிக் மாவு வேண்டாம். பழுப்பு இரத்தத்துக்குக் கிருமி காரணமல்ல. மருந்து வடிகட்டியிலுள்ள பாக்டீரியாவையும் கெடுக்கலாம், மீனின் சதையிலும் தங்கும். கோழிக்கு அளந்த மருந்தை மீனுக்குக் கணக்கில்லாமல் போட்டு, அந்த மீனைச் சந்தைக்கு அனுப்புவது வாங்கித் தின்பவர்களுக்குச் செய்யும் தீங்கு.

கோழிக்குடல் விலை மலிவுதான். ஆனால் அதன் புரதம் கெலிக்குத் தேவையான விகிதத்தில் அமைந்ததல்ல. சதையாக மாற்ற முடியாத அமினோ அமிலங்கள் எல்லாம் எரிக்கப்பட்டு அமோனியாவாகத் திரும்பி வரும். தின்னாமல் மிஞ்சியது அழுகி ஆக்சிஜனையும் குடிக்கும். உங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் மலாய்க்காரர்கள் என்கிறீர்கள். அசுத்தமான தீனி போட்ட மீன் என்ற பேச்சு கம்பத்தில் (கிராமத்தில்) ஒருமுறை பரவினால் அந்த நம்பிக்கையைத் திரும்பப் பெறுவது கடினம். தீனிச் செலவைக் குறைக்க நல்ல வழி, வயிறு முட்டப் போடாமல், சில நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவுக்குப் போடுவதுதான்.

தோட்டத்தின் மேல் புகார்

உரம் போட்ட வாரமும் மீன் செத்த வாரமும் ஒன்றாக அமைந்ததால் உங்களுக்குச் சந்தேகம் வந்தது இயல்பு. செம்பனைக்கு இடும் யூரியாவும் அமோனியம் சல்ஃபேட்டும் நைட்ரஜன் உரங்கள்தான். பெருமழையில் அவை கால்வாய்க்குப் போவதும் உண்டு. ஆனால் உங்கள் தொட்டி தரைக்கு மேலே நிற்கிறது, அதில் இருப்பது குழாய்த் தண்ணீர். அதிலிருந்த லிட்டருக்கு 4 மில்லிகிராம் என்பது மொத்தத்தில் 28 கிராம். முழுத் தீனி போட்ட நாளில் உங்கள் மீன்களே அதை ஏறக்குறைய பாதி நாளில் உண்டாக்கியிருக்கும். வெளியிலிருந்து எதுவும் வந்திருக்க வேண்டிய தேவையில்லை. இந்த அளவுகளை வைத்துக்கொண்டு புகார் கொடுத்தால் அது நிற்காது. உங்கள் மருமகன் அதே தோட்டத்து அலுவலகத்தில் வேலை பார்க்கும் நிலையில், ஆதாரமில்லாத புகார் வீட்டுக்குள்ளும் சங்கடத்தை உண்டாக்கும்.

அதற்காக உங்களுக்கு உரிமை இல்லை என்று சொல்லவில்லை. வறட்சிக் காலத்தில் வேலியோரக் கால்வாய்த் தண்ணீரை இறைக்கலாமா என்று யோசிப்பதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அதற்கு முன் அந்தத் தண்ணீரைச் சோதியுங்கள். மலேசிய நீர்த்தர அளவுகோலில் இரண்டாம் வகுப்பு ஆற்றுநீருக்கு அமோனியா நைட்ரஜன் வரம்பு லிட்டருக்கு 0.3 மில்லிகிராம், மூன்றாம் வகுப்புக்கு 0.9. மழைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகள் பலமுறை இதை வெகுவாகத் தாண்டினால், நாள், நேரம், படம் ஆகியவற்றோடு சுற்றுச்சூழல் துறையிடம் முறையிடலாம். 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. செம்பனை ஆலைக் கழிவுக்கு 1977லும், ரப்பர் ஆலைக் கழிவுக்கு 1978லும் அந்தச் சட்டத்தின் கீழ்த் தனி விதிமுறைகள் வந்தன. தண்ணீர் மாதிரியைச் சுத்தமான புட்டியில் நிறைய எடுத்து, பனிக்கட்டியில் வைத்து, அன்றே ஆய்வுக்குக் கொடுப்பது முக்கியம். வெயிலில் ஒரு நாள் கிடந்த மாதிரியில் அமோனியாவின் அளவு மாறிவிடும்.

இதே கண்ணோடு உங்கள் பக்கத்தையும் பார்க்க வேண்டும். நாள்தோறும் வீட்டு முன் லொங்காங்கில் (கழிவுநீர்க் கால்வாயில்) விடும் தொட்டித் தண்ணீரும் நைட்ரஜன் சுமந்த தண்ணீர்தான். அக்கம்பக்கத்தார் மாவட்ட மன்றத்தில் முறையிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வாழைக்கும் மரவள்ளிக்கும் அதைப் பாய்ச்சுங்கள். அவற்றுக்கு அது நல்ல உரம். உப்பு சேர்த்திருக்கும் இந்தச் சில வாரங்களில் மட்டும் ஒரே செடிக்குத் தொடர்ந்து விடாமல் மாற்றி மாற்றி விடுங்கள். பச்சையாகத் தின்னும் கீரைகளின் இலைமேல் ஊற்ற வேண்டாம்.

இன்னும் இரண்டு தொட்டி

இப்போது வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. சேமநிதியில் மிச்சமிருக்கும் பணத்தை இப்படியே வைத்திருங்கள். தொட்டியின் கொள்ளளவை மீன்களின் எண்ணிக்கையால் அளக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. நாளுக்கு எத்தனை கிலோ தீனி போகிறது என்பதால் அளந்து பாருங்கள். 500 மீன்கள் 200 கிராமாக வளர்ந்தால் மொத்தம் 100 கிலோ. உடல் எடையில் இரண்டு விழுக்காடு தீனி என்றாலும் நாளுக்கு இரண்டு கிலோ. மீன்கள் குறைந்திருந்தும், மீன் சாகத் தொடங்கிய நாளில் இருந்ததைவிட அதிக அமோனியாவை இதே பீப்பாய் தாங்க வேண்டியிருக்கும். ஆகவே அடுத்த செலவு இரண்டாவது தொட்டிக்கு ஆகாமல், இதே தொட்டிக்கு இன்னொரு வடிகட்டிப் பீப்பாய்க்கு ஆகட்டும். முழுத் தீனி போட்டும் அமோனியா, நைட்ரைட் இரண்டும் நான்கு வாரம் தொடர்ந்து அரை மில்லிகிராமுக்குள் நின்றால், அப்போது ஒரே ஒரு தொட்டி கூட்டலாம். அதன் வடிகட்டியில் இந்தப் பழைய பஞ்சில் பாதியைப் போட்டு, முதலில் சில மீன்களை மட்டும் விட்டுத் தொடங்குங்கள்.

உப்பு போட்டு மூன்று நாள் ஆகியும் செவுள் சிவக்காவிட்டாலோ, உடலில் சிவந்த திட்டுகளோ புண்ணோ தெரிந்தாலோ, பலவீனமான மீன்களில் தொற்று புகுந்திருக்கலாம். அப்போது செத்த மீனை எடுத்துச் செல்லாதீர்கள், அது ஆய்வுக்கு உதவாது. சாகும் நிலையில் உள்ள உயிர் மீன்கள் இரண்டு மூன்றைக் காற்றோடு பையில் கட்டி, தொட்டித் தண்ணீர் ஒரு புட்டியோடு உங்கள் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்துக்குக் கொண்டு செல்லுங்கள். தேவைப்பட்டால் அவர்கள் பினாங்கு பத்து மாவுங்கில் உள்ள தேசிய மீன்நல ஆய்வு மையத்துக்கு அனுப்புவார்கள். எனக்கு அடுத்த கடிதம் எழுதும்போது பத்து நாள் அளவுகளையும், ஒவ்வொரு நாளும் போட்ட தீனியின் எடையையும் ஒரே தாளில் எழுதி அனுப்புங்கள். குழாய்த் தண்ணீரின் காரத்தன்மையையும் ஒருமுறை சோதித்து எழுதினால், சமையல் சோடாவின் அளவை உங்கள் தொட்டிக்கென்றே கணக்கிட்டுச் சொல்கிறேன்.